கவுன்சிலின் பராமரிப்பில் வளரும் பிள்ளைகள்: புதிதாகத் தெரிவான கவுன்சிலருக்கு ஒரு வழிகாட்டி

ஹரோ, பிரென்ட், ரெட்பிரிட்ஜ், கிங்ஸ்டன் என்று லண்டன் பரோக்கள் பலவற்றில் தமிழர்கள் கவுன்சிலர்களாகத் தெரிவாகி வருகிறார்கள். தேர்தல் முடிந்த மறுவாரமே தொலைபேசி அடிக்கத் தொடங்கிவிடும். குப்பை எடுக்க வரவில்லை, பெர்மிட் இல்லாத கார் வாசலை மறிக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் அனுமதி இல்லாமல் அறை இழுத்துக் கட்டுகிறார். இவற்றோடு, வாக்குக் கேட்டுப் போன எந்த வாசலிலும் யாரும் வாய் திறந்து கேட்டிராத ஒரு பொறுப்பும் உங்கள் தலையில் ஏறியிருக்கும். பெற்றோரோடு வாழ முடியாமல் கவுன்சிலின் பராமரிப்புக்கு வந்த பிள்ளைகளுக்கு, இங்கிலாந்தில் கவுன்சில்தான் தாய் தகப்பன் ஸ்தானத்தில் நிற்கிறது. கவுன்சில் என்றால் அதில் நீங்களும் அடக்கம். ஆளும் கட்சியா எதிர்க்கட்சியா, எந்தக் குழுவில் இருக்கிறீர்கள் என்பதெல்லாம் இங்கே பொருட்டல்ல.

1998 இல் அப்போதைய சுகாதார அமைச்சர் ஃபிராங்க் டொப்சன் நாட்டிலுள்ள கவுன்சிலர்கள் அனைவருக்கும் இதைக் கடிதமாகவே எழுதி அனுப்பினார். 2017 ஆம் ஆண்டின் சிறுவர் மற்றும் சமூகப் பணிச் சட்டம் அதை ஏழு கோட்பாடுகளாக எழுதி வைத்தது. பிள்ளையின் நலனும் உடல், மன ஆரோக்கியமும் முன் நிற்க வேண்டும். பிள்ளை தன் விருப்பத்தைச் சொல்ல ஊக்கம் கொடுக்க வேண்டும், சொன்னதைக் கணக்கில் எடுக்க வேண்டும். சேவைகள் கைக்கு எட்டச் செய்ய வேண்டும். பெரிதாக ஆசைப்படக் கற்றுக்கொடுக்க வேண்டும். வீடு, உறவு, படிப்பு எல்லாம் பாதுகாப்பாகவும் நிலையாகவும் இருக்க வேண்டும். பெரியவராகித் தனியே வாழத் தயார்ப்படுத்த வேண்டும். சொந்தப் பிள்ளை உள்ள எவருக்கும் இதில் புதிதாக எதுவும் இல்லை. சில நூறு பிள்ளைகளுக்கு, முகம் தெரியாமல், ஒரு நிறுவனத்தின் வழியாக இதையெல்லாம் செய்வது எப்படி என்பதுதான் கேள்வி. அதற்கு முதல் வருடத்தில் என்னென்ன செய்யலாம் என்று கீழே எழுதியிருக்கிறேன். எல்லாம் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் சட்டங்கள் வேறு.

முதல் வேலை: இந்தப் பிள்ளைகள் யார் என்று விளங்கிக்கொள்ளுங்கள்

2024 மார்ச் 31 அன்று இங்கிலாந்து முழுவதும் 83,630 பிள்ளைகள் கவுன்சில்களின் பராமரிப்பில் இருந்தார்கள். பத்தாயிரம் பிள்ளைகளுக்கு 70 பேர். மூன்றில் இரண்டு பங்கினர், பிறர் பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் வைத்து வளர்க்கும் ஃபொஸ்டர் குடும்பங்களில் வளர்கிறார்கள். மற்றவர்கள் சிறுவர் இல்லங்களிலும், 16, 17 வயதினருக்கான ஆதரவு விடுதிகளிலும், வேறு சில இடங்களிலும் இருக்கிறார்கள். ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் பெற்றோர் துணையின்றித் தஞ்சம் கோரி வந்தவர்கள்.

பராமரிப்புக்கு வரும் வழிகள் இரண்டை நீங்கள் கட்டாயம் பிரித்தறிய வேண்டும். 1989 ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தில் 20 ஆம் பிரிவின் கீழ் வருவது பெற்றோரின் சம்மதத்தோடு. பெற்றோர் உரிமை அவர்களிடமே இருக்கும், பிள்ளையைத் திருப்பிக் கேட்கவும் முடியும். 31 ஆம் பிரிவின் கீழ் வருவது நீதிமன்றத்தின் கேர் ஓர்டர். அப்போது கவுன்சிலுக்கும் பெற்றோர் உரிமையில் பங்கு வந்துவிடும். பெரும்பாலான பிள்ளைகள் இந்த இரண்டாவது வழியில் வந்தவர்கள். கூட்டத்தில் யாராவது '20 ஆம் பிரிவுப் பிள்ளைகள்' என்று சொன்னால், அவர்களில் எத்தனை பேர் நீதிமன்றம் போகாமலே வருடக்கணக்கில் அப்படி இருக்கிறார்கள் என்று கேளுங்கள். ஒரு தாய் என்ன சம்மதித்தோம் என்று விளங்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் அது சம்மதம் ஆகாது. ஆங்கிலம் சரளமாக வராத தாய் என்றால் மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா என்பது உயிர்நாடியான கேள்வி.

அதே சட்டத்தின் 22 ஆம் பிரிவில் ஒரு வரி இருக்கிறது. பிள்ளையைப் பற்றி எந்த முடிவை எடுக்கும்போதும் அதன் சமயம், இனம், பண்பாடு, மொழிப் பின்னணி ஆகியவற்றைக் கவனத்தில் கொள்ள வேண்டும் என்கிறது அது. தமிழ் பேசும் பிள்ளை ஒன்று தமிழே காதில் விழாத ஊரில், சோறு கறி தெரியாத வீட்டில் வளர்கிறது என்றால், அது வசதியீனம் என்பதற்கு மேலாக, சட்டம் கேட்கச் சொன்ன கேள்வி. ஆகவே நீங்களும் தயங்காமல் கேட்கலாம்.

யார் எதற்குப் பொறுப்பு

விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுச் சிறுமி 2000 பெப்ரவரியில் லண்டனில் சித்திரவதைப்பட்டு இறந்தாள். கவுன்சில்கள், பொலிஸ், வைத்தியசாலைகள் என்று பல கைகள் அவளைத் தொட்டுவிட்டு விட்டுவிட்டன. லேமிங் பிரபுவின் விசாரணை 2003 இல் அறிக்கை தந்தது. அடுத்த வருடம் வந்த சிறுவர் சட்டம், கை காட்டித் தப்ப முடியாதபடி ஒவ்வொரு கவுன்சிலிலும் இரண்டு பேரைப் பெயர் சொல்லிப் பொறுப்பாக்கியது. உத்தியோகத்தர் பக்கத்தில் சிறுவர் சேவைப் பணிப்பாளர், அரசியல் பக்கத்தில் லீட் மெம்பர். லீட் மெம்பர் கட்டாயம் தெரிவான கவுன்சிலராக இருக்க வேண்டும்.

நீங்கள் புதியவர் என்றால் அநேகமாக இந்த இரண்டு நாற்காலிகளிலும் இருக்க மாட்டீர்கள். ஸ்க்ரூட்டினி குழுவிலோ, கவுன்சிலின் இந்தப் பெற்றோர் பொறுப்பைக் கவனிக்கும் கார்ப்பரேட் பேரன்டிங் குழுவிலோ இருப்பீர்கள். இரண்டின் வேலையும் ஒன்றல்ல. ஸ்க்ரூட்டினி என்பது, கவுன்சிலை நடத்தும் ஆளும் கவுன்சிலர்களின் குழுவான கெபினெட்டைக் கேள்வி கேட்கச் சட்டம் கொடுத்த அதிகாரம். 2000 ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டப்படி லீட் மெம்பரையும் உத்தியோகத்தர்களையும் அழைத்துப் பதில் கேட்கலாம். எழுத்தில் பரிந்துரை அனுப்பிப் பதில் கோரினால் கெபினெட் இரண்டு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். கார்ப்பரேட் பேரன்டிங் குழு அப்படிச் சட்டத்தால் உண்டானதல்ல. ஒவ்வொரு கவுன்சிலும் தன் வசதிக்கு அமைத்துக்கொள்கிறது. சில இடங்களில் அது உயிரோட்டமாக இருக்கும், சில இடங்களில் அறிக்கைகளைக் 'குறித்துக்கொண்டோம்' என்று எழுதி எழும்பிவிடும். உங்கள் கவுன்சிலில் அந்தக் குழுவுக்கு என்ன அதிகாரம், அதன் முடிவு யாரிடம் போகிறது என்று ஜனநாயக சேவைப் பிரிவில் கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள்.

கேட்கும் அதிகாரம் உங்களுக்கு உண்டு. தனிப் பிள்ளையின் விஷயத்தில் முடிவெடுக்கும் அதிகாரம் இல்லை. பிள்ளையின் பெயர், விலாசம், கோப்பு எதையும் கேட்கக் கூடாது. நம் சமூகம் சிறியது. கூட்டத்தில் வயதும் ஊரும் சொன்னாலே அது இன்னார் பிள்ளை என்று உங்களுக்குப் பிடிபட்டுவிடலாம். பிடிபட்டால் அது உங்களோடு இருக்கட்டும். வீட்டிலும் சொல்ல வேண்டாம். தெரிந்த குடும்பம் என்றால் தலைவரிடம் சொல்லி அந்த விடயத்திலிருந்து விலகுங்கள்.

முதல் மாதத்தில் வாசிக்க வேண்டியவை

கூட்டத்துக்கு முன்பு வரும் தடித்த கோப்பை மட்டும் நம்பியிருந்தால் உத்தியோகத்தர்கள் காட்ட விரும்புவதை மட்டுமே பார்ப்பீர்கள். கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு.

பாடசாலைகளையும் சிறுவர் சேவைகளையும் பரிசோதிக்கும் அரசு அமைப்பான ஒஃப்ஸ்டெட்டின் கடைசி அறிக்கை முதலில். அது இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கும். மிகச் சிறப்பு, நல்லது, மேம்பாடு தேவை, போதாது என்று நான்கு தரங்கள் உண்டு. பராமரிப்பில் உள்ள பிள்ளைகளுக்குத் தனித் தரமும், 2023 இலிருந்து பராமரிப்பு விட்டுப் போன இளைஞருக்கு இன்னொரு தனித் தரமும் தருகிறார்கள். மொத்தத் தரம் ஒன்று இருந்தால் அதோடு நின்றுவிடாதீர்கள். முன்பக்கத்தில் 'மேம்பட வேண்டியவை' என்று சில வரிகள் இருக்கும். அவற்றைப் பிரதி எடுத்து வைத்து, ஒவ்வொன்றும் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்று உங்கள் முதல் கூட்டத்தில் கேளுங்கள். கவுன்சில் ஒவ்வொரு வருடமும் தன்னைத்தானே மதிப்பிட்டு ஒஃப்ஸ்டெட்டுக்கு ஓர் ஆவணம் கொடுக்கிறது. அதையும் கேளுங்கள். கூட்டங்களில் காட்டும் முகத்தைவிட அதில் கொஞ்சம் உண்மை கூடுதலாக இருக்கும்.

அடுத்தது ஐ.ஆர்.ஓ. ஆண்டறிக்கை. என் அபிப்பிராயத்தில் புதிய கவுன்சிலர் ஒருவர் வாசிக்க வேண்டிய மிகப் பயனுள்ள ஆவணம் இதுதான். ஐ.ஆர்.ஓ. என்பவர் சுயாதீன மீளாய்வு அதிகாரி. பிள்ளை பராமரிப்புக்கு வந்து 20 வேலை நாட்களுக்குள் முதல் மீளாய்வு, அதிலிருந்து மூன்று மாதத்துக்குள் இரண்டாவது, பின்னர் ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்று கூட்டி நடத்துவது அவர் பொறுப்பு. கவுன்சில் சம்பளம் கொடுத்தாலும் கவுன்சிலை எதிர்த்துக் கேட்க வேண்டியவரும் அவர்தான். முழுநேர ஐ.ஆர்.ஓ. ஒருவருக்கு 50 முதல் 70 பிள்ளைகள் என்று வழிகாட்டல் சொல்கிறது. உங்கள் கவுன்சிலில் எத்தனை என்று பாருங்கள். பிறகு, சோஷல் வேர்க்கர்களின் வேலையில் குறை கண்டு அவர்கள் முறைப்படி எத்தனை தடவை ஆட்சேபம் எழுப்பினார்கள் என்று பாருங்கள். வருடம் முழுவதும் ஒன்றுமே இல்லை என்றால் சந்தோஷப்பட அவசரப்பட வேண்டாம். குறையே இல்லாத கவுன்சிலா, வாய் திறக்காத அதிகாரிகளா என்று விசாரிக்க வேண்டிய இடம் அது.

வேர்ச்சுவல் ஸ்கூல் அறிக்கை மூன்றாவது. கட்டடம் இல்லாத பாடசாலை இது. பராமரிப்பில் உள்ள பிள்ளைகள் எந்தப் பாடசாலையில் படித்தாலும் அவர்கள் எல்லோரையும் ஒரே பாடசாலைப் பிள்ளைகள் போலக் கணக்கு வைத்துப் பார்க்கும் தலைமை ஆசிரியர் ஒருவரை ஒவ்வொரு கவுன்சிலும் வைத்திருக்க வேண்டும். கல்விக்கென்று அரசாங்கம் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு தொகை தருகிறது; 2025-26 நிதியாண்டில் அது 2,630 பவுண். அது அவர் கையில்தான் வருகிறது. அதை எதற்குச் செலவழித்தார், பாடசாலைக்கு அப்படியே தூக்கிக் கொடுத்துவிட்டாரா, பிள்ளைக்கென்று டியூஷனோ வாத்தியமோ வாங்கினாரா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எண்களுக்குள் பிள்ளையைத் தேடுவது

ஒவ்வொரு காலாண்டும் பச்சை, மஞ்சள், சிவப்பு நிறம் அடித்த அட்டவணை ஒன்று உங்கள் முன் வரும். பச்சையைக் கண்டதும் அடுத்த பக்கம் புரட்டுவதுதான் எல்லோருக்கும் வழக்கம்.

ஒரு கணக்கைப் பாருங்கள். உங்கள் கவுன்சிலில் 300 பிள்ளைகள் என்று வையுங்கள். 'சோஷல் வேர்க்கர் உரிய காலத்தில் போய்ப் பார்த்தது: 97 வீதம்.' பச்சை. மிஞ்சிய 3 வீதம் என்பது ஒன்பது பிள்ளைகள். பிள்ளை புதிய இடத்துக்குப் போய் ஒரு வாரத்துக்குள் சோஷல் வேர்க்கர் போய்ப் பார்க்க வேண்டும், முதல் வருடத்தில் ஆறு வாரத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்பது விதி. அந்த ஒன்பது பேரையும் உரிய காலத்தில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. 'அந்த ஒன்பது பேரைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? போன காலாண்டிலும் இதே ஒன்பது பேர்தானா? அவர்களில் எத்தனை பேர் பரோவுக்கு வெளியே இருக்கிறார்கள்?' இந்த மூன்று கேள்விக்கும் அந்த மேசையில் பதில் இருக்காது. பரவாயில்லை, இரண்டு வாரத்தில் எழுத்தில் தாருங்கள் என்று சொல்லிக் கூட்டக் குறிப்பில் ஏற்றுங்கள்.

போன பிறகு என்ன நடந்தது என்பது அடுத்தது. பிள்ளையைத் தனியே சந்தித்துப் பேசினாரா, ஃபொஸ்டர் தாய் பக்கத்தில் இருக்கவே பேசினாரா? கடந்த இரண்டு வருடத்தில் அந்தப் பிள்ளைக்கு எத்தனை சோஷல் வேர்க்கர்கள் மாறினார்கள்? ஏஜென்சி மூலம் வந்து சில மாதங்களில் போய்விடுகிறவர்கள் கூடினால் வருகை எண்ணிக்கை பச்சையாகவே இருக்கும். பிள்ளை மட்டும் ஒவ்வொரு தடவையும் தன் கதையை ஆரம்பத்திலிருந்து புதிய ஆளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்.

சிறிய எண்களில் வீதங்கள் ஏமாற்றும். முதல் மருத்துவப் பரிசோதனை 20 வேலை நாட்களுக்குள் முடிய வேண்டும். பல கவுன்சில்களில் தட்டுப்படுகிற இடம் இது. ஒரு காலாண்டில் புதிதாக வந்தவர்கள் பன்னிரண்டு பேர், ஆறு பேருக்குத்தான் நேரத்துக்கு நடந்தது என்றால் 50 வீதம், சிவப்பு. மிச்சம் ஆறு பேருக்கும் ஏன் பிந்தியது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னால் சிலருக்காவது வைத்தியர் இல்லாததால் அல்ல, கவுன்சில் சம்மதப் படிவத்தை நேரத்துக்கு அனுப்பாததால் என்று தெரியவரலாம். அது காசு செலவில்லாமல் சரிசெய்யக்கூடிய தவறு. நீங்கள் கேட்டால்தான் சரிவரும்.

மொத்த எண்ணிக்கை குறைந்தால் நல்லதா? குடும்பங்களுக்கு முன்கூட்டியே உதவி கிடைத்து, பிள்ளைகள் வீட்டிலேயே பாதுகாப்பாக இருந்தால் மிக நல்லது. பராமரிப்புக்கு எடுக்க வேண்டிய பிள்ளையை எடுக்காமல் விட்டுக் குறைந்திருந்தால் ஆபத்து. அட்டவணையில் இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். பிள்ளைகள் பாதுகாப்புத் திட்டத்துக்குத் திரும்பத் திரும்ப வருகிறார்களா, வீட்டுக்கு அனுப்பியவர்கள் மறுபடி பராமரிப்புக்கு வருகிறார்களா என்ற எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். உங்கள் பரோவை அடுத்த பரோவோடு ஒப்பிடாமல், சனத்தொகையும் வறுமையும் ஒத்த கவுன்சில்களோடு ஒப்பிடுங்கள். கல்வி அமைச்சு அப்படி ஒத்த கவுன்சில்களின் பட்டியலும் எண்களும் இலவசமாக வெளியிடுகிறது.

எங்கே இருக்கிறார்கள்

புதியவர் ஒருவர் ஒரேயொரு கேள்விதான் கேட்கலாம் என்றால் இதைக் கேட்கச் சொல்வேன்: இன்றிரவு நம் பிள்ளைகள் எங்கே தூங்குகிறார்கள்?

நாடு முழுவதும் ஐந்தில் ஒரு பிள்ளை தன் வீட்டிலிருந்து 20 மைலுக்கு அப்பால் இருக்கிறது. பத்தில் ஒரு பிள்ளை ஒரே வருடத்தில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் இருந்திருக்கிறது. ஒவ்வொரு மாற்றமும் புதிய படுக்கை, புதிய பாடசாலை, புதிய வீட்டுச் சட்டம். உடுப்பும் புத்தகமும் கறுப்புக் குப்பைப் பையில் கட்டிக் கொடுக்கப்பட்டு வீடு மாறியதை, வளர்ந்த பிறகும் இந்தப் பிள்ளைகள் மறப்பதில்லை. உங்கள் கவுன்சிலில் பிள்ளைகள் எதில் சாமான் கட்டிக்கொண்டு போகிறார்கள் என்று கேளுங்கள். அற்பமான கேள்வி போலத் தெரியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு நல்ல சூட்கேஸ் என்று முடிவெடுக்க ஒரு கூட்டம் போதும்.

தூரத்துக்குக் காரணம் இடமின்மை. தன் பகுதியிலேயே போதிய இடங்களை உறுதிப்படுத்துவது கவுன்சிலின் சட்டக் கடமை. அதற்கென்று ஒரு திட்ட ஆவணம் இருக்கும், கேளுங்கள். ஃபொஸ்டர் வீடு கிடைக்காதபோது தனியார் இல்லங்களுக்குப் போகிறார்கள். போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2022 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வில், சிறுவர் இல்லங்கள் நடத்தும் பெரிய தனியார் நிறுவனங்களின் இலாப வீதம் சராசரியாக 22 வீதத்துக்கும் மேல் என்று கண்டது. தங்கள் இடங்களுக்கு அவை கேட்ட விலை ஒரு பிள்ளைக்குக் கிழமைக்கு 3,800 பவுணைத் தாண்டியது. அதன் பிறகு விலை இறங்கவில்லை. அந்த விலை தரத்துக்குச் சாட்சி அல்ல. இல்லங்களுக்கு மாதம் ஒரு தடவை வெளியாள் ஒருவர் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும் என்று 2015 ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின் 44 ஆம் விதி சொல்கிறது. நம் பிள்ளைகள் இருக்கும் இல்லங்களின் அந்த அறிக்கைகளை நம் உத்தியோகத்தர்களில் யார் வாசிக்கிறார், கடைசியாக எதைக் கண்டு என்ன செய்தார் என்று கேளுங்கள்.

ஒஃப்ஸ்டெட்டில் பதிவு செய்யாத இடத்தில் ஒரு பிள்ளையாவது இருக்கிறதா என்பதைத் தனியாகக் கேளுங்கள். 16 வயதுக்குக் குறைந்தவர்களை எந்த அமைப்பின் கண்காணிப்புக்கும் உட்படாத விடுதிகளில் வைப்பது 2021 செப்டெம்பரில் தடை செய்யப்பட்டது. 16, 17 வயதினருக்கான ஆதரவு விடுதிகளும் 2023 ஒக்டோபரிலிருந்து பதிவு செய்ய வேண்டும். இருந்தும், இடம் கிடைக்காத அவசரத்தில் பதிவில்லாத வாடகை வீட்டில் காவலாட்களோடு பிள்ளையை வைத்திருக்கும் நிலை பல கவுன்சில்களில் வருகிறது. அப்படியானால் எத்தனை நாளாக, யார் கையெழுத்தில், யார் தினமும் பார்க்கிறார் என்பது லீட் மெம்பருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாவிட்டால் அதுவே ஒரு கண்டுபிடிப்பு.

தமிழ்க் கவுன்சிலருக்கு இங்கே தனிப்பட்ட வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் பரோவில் தமிழ் பேசும் ஃபொஸ்டர் குடும்பங்கள் எத்தனை என்று கேளுங்கள். விரல்விட்டு எண்ணினால், கோவில் மண்டபத்திலும் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையிலும் ஃபொஸ்டர் பிரிவினரை அழைத்துப் பேச வையுங்கள். சொந்த வீடு வேண்டும், கணவன் மனைவி இருவரும் வேண்டும் என்று நம்மவர் பலர் நினைக்கிறார்கள். வாடகை வீட்டில் இருப்பவரும் தனியாளும் விண்ணப்பிக்கலாம். பிள்ளைக்கென்று ஓர் அறை வேண்டும், பொறுமை வேண்டும், மாதக்கணக்கில் நடக்கும் மதிப்பீட்டுக்கு உட்பட வேண்டும். 'ஊர் என்ன சொல்லும்' என்ற தயக்கத்தை உத்தியோகத்தரால் உடைக்க முடியாது, உங்களால் முடியும்.

பிள்ளைகளைச் சந்திப்பது

அநேகமாக ஒவ்வொரு கவுன்சிலிலும் பராமரிப்பில் உள்ள பிள்ளைகளின் மன்றம் ஒன்று இருக்கும். கார்ப்பரேட் பேரன்டிங் கூட்டத்துக்கு அவர்களை அழைப்பார்கள். கூட்டம் பாடசாலை நேரத்தில் வைத்தால் அவர்கள் வர மாட்டார்கள், ஆகவே நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். வந்தால், 'ஏன் பராமரிப்புக்கு வந்தாய்' என்று ஒருபோதும் கேட்காதீர்கள். அனுதாபமாகக் கேட்டாலும் அது புண்ணைக் கிளறுவதுதான். இப்போது என்ன மாற வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் நடைமுறையான பதில் வரும்: தம்பியை மாதம் இரண்டு தடவை பார்க்க வேண்டும், சிநேகிதி வீட்டில் ஓர் இரவு தங்க அனுமதி வாங்க மூன்று கிழமை ஆகிறது, வகுப்பு நேரத்தில் மீளாய்வுக் கூட்டம் வைத்துக் கூப்பிடுவதால் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது.

கேட்டதை அடுத்த கூட்டத்துக்குள் செய்யுங்கள். முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று அவர்களிடமே போய்ச் சொல்லுங்கள். வாக்குக் கொடுத்துவிட்டு மறைந்துபோன பெரியவர்களை இந்தப் பிள்ளைகள் நிறையப் பார்த்துவிட்டார்கள்.

மன்றத்துக்கு வருபவர்கள் கொஞ்சம் பேசத் தெரிந்தவர்கள், பரோவுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள். நூறு மைல் தள்ளி ஓர் இல்லத்தில் இருக்கும் பதின்மூன்று வயதுப் பையன் வர மாட்டான். அவனுக்கு, சிநேகிதமாக வந்து பார்த்துப் போகும் சுயாதீன வருகையாளர் ஒருவரைக் கேட்க உரிமை உண்டு. முறைப்பாடு சொல்ல, தன் பக்கம் நின்று பேசும் ஒருவரின் உதவி (அட்வகசி) கேட்கவும் உரிமை உண்டு. எத்தனை பேருக்கு அது கிடைத்திருக்கிறது, காத்திருப்பவர் எத்தனை பேர்?

கேட்காமல் விட்டால் என்ன நடக்கும்

வட இங்கிலாந்தின் ரொதரம் நகரில் 1997 முதல் 2013 வரை குறைந்தது 1,400 பிள்ளைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானதாகப் பேராசிரியர் அலெக்சிஸ் ஜேயின் அறிக்கை 2014 ஓகஸ்டில் மதிப்பிட்டது. மூன்றில் ஒரு பங்குக்கு மேலான பிள்ளைகள் முன்பே சமூக சேவைப் பிரிவுக்குத் தெரிந்தவர்கள். 2004-05 இலேயே கவுன்சிலர்களுக்கும் மூத்த அதிகாரிகளுக்கும் கருத்தரங்கு வைத்து வெளிப்படையாகச் சொல்லியிருந்தார்கள் என்பதையும், அதன் பிறகு தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது என்பதையும் அந்த அறிக்கை பதிவு செய்கிறது. கேட்டார்கள், கலைந்து போனார்கள். 2015 பெப்ரவரியில் லூயிஸ் கேசியின் ஆய்வு வந்த அன்று கெபினெட் முழுவதும் பதவி விலகியது. மத்திய அரசு ஆணையாளர்களை அனுப்பிக் கவுன்சிலைக் கையிலெடுத்தது.

லண்டனிலேயே லம்பெத் இருக்கிறது. ஷேர்லி ஓக்ஸ், சவுத் வேல், ஏஞ்சல் ரோட் என்ற மூன்று இல்லங்களில் வளர்ந்த 705 பேர் தாங்கள் பாலியல் துஷ்பிரயோகத்துக்கு ஆளானதாக முறைப்பாடு செய்திருந்ததைச் சிறுவர் பாலியல் துஷ்பிரயோகம் பற்றிய சுயாதீன விசாரணை 2021 ஜூலையில் வெளியிட்டது. கவுன்சிலின் அரசியல் சண்டைகளுக்கு நடுவே அந்தப் பிள்ளைகளைக் கவனிக்க ஆளில்லாமல் போயிருந்தது.

ஆகவே அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது ஒரு சிறு கொப்பியைக் கையில் எடுத்துப் போங்கள். நீங்கள் கேட்டது, கிடைத்த பதில், வராத பதில், யார் எப்போது தருவதாகச் சொன்னார் என்று எழுதுங்கள். அதன் பின் வரும் கூட்டத்தில் முதல் வேலையாக அதைத் திறந்து பழைய கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். உத்தியோகத்தர்கள் முகம் சுளிக்கலாம். நல்ல பணிப்பாளர் இதை வரவேற்பார். தனக்கு வேண்டிய பணத்தையும் ஆட்களையும் கெபினெட்டிடம் வாதாடிப் பெற உங்கள் கேள்விதான் அவருக்குக் கைகொடுக்கும்.

பெற்றோர் ஒருவர் உங்களைத் தேடி வந்தால்

இது நிச்சயம் நடக்கும். 'தம்பி, சோஷல்காரர் என் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், நீங்கள்தான் எடுத்துத் தர வேண்டும்' என்று அழுதுகொண்டு ஒரு தாய், நீங்கள் தொகுதி மக்களைச் சந்திக்கும் சேர்ஜரிக்கு வருவார். சோஷல் வேர்க்கருக்குப் போன் எடுத்துச் சத்தம் போடாதீர்கள். எடுத்துத் தருகிறேன் என்று சொல்லவும் வேண்டாம். வழக்கு நீதிமன்றத்தில் இருந்தால் உங்கள் தலையீடு அந்தத் தாய்க்கே பாதகமாகலாம்.

செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. கேர் ஓர்டர் வழக்கில் பெற்றோருக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச சட்ட உதவி உண்டு. பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர் வீட்டுக் கடனுக்கு எழுதிக் கொடுத்த சொலிசிட்டரிடம் போய்க் காசைக் கரைப்பார்கள். குடும்பச் சட்டத்தில் சிறுவர் வழக்குக்குத் தகுதி பெற்றவரைத் தேடச் சொல்லுங்கள். வழக்கு 26 வாரத்துக்குள் முடிய வேண்டும் என்பது சட்டம், ஆகவே நாள் கடத்தக் கூடாது என்று அழுத்திச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள், மூத்த பிள்ளையை மொழிபெயர்க்க வைக்க வேண்டாம். பிள்ளையை வைத்துப் பார்க்கக்கூடிய அம்மம்மாவோ சித்தியோ இருந்தால் அவர்கள் பெயரை உடனே சோஷல் வேர்க்கரிடமும் சொலிசிட்டரிடமும் சொல்ல வேண்டும். மானத்துக்குப் பயந்து உறவினரிடம் மறைத்துவிட்டுக் கடைசி நேரத்தில் சொல்வதால் வாய்ப்பு இழந்த குடும்பங்கள் உண்டு. நடத்திய விதத்தில் குறை என்றால் கவுன்சிலின் முறைப்பாட்டு வழி இருக்கிறது, அதன் பின் உள்ளூராட்சி மற்றும் சமூகப் பராமரிப்பு ஒம்புட்ஸ்மன் இருக்கிறார்.

பேச்சுவாக்கில் ஒரு பிள்ளைக்கு ஆபத்து என்று உங்களுக்குத் தெரியவந்தால் அன்றே சிறுவர் பாதுகாப்புப் பிரிவுக்கு அறிவியுங்கள். 'வேண்டாம் தம்பி, வெளியில் தெரிந்தால் அவமானம்' என்று யார் கெஞ்சினாலும் சரி.

18 வயதுக்குப் பிறகு

பதினெட்டாவது பிறந்தநாளன்று நம் வீட்டில் பிள்ளையின் பெட்டியை வாசலில் வைப்பதில்லை. சட்டமும் இப்போது 25 வயது வரை வழிகாட்டி உதவும் பேர்சனல் அட்வைசர் ஒருவரைக் கேட்க உரிமை தந்திருக்கிறது. ஃபொஸ்டர் குடும்பம் சம்மதித்தால் 21 வரை அங்கேயே இருக்கலாம். தனி வீடு போகும்போது தளபாடம் வாங்க 3,000 பவுண் தர வேண்டும் என்பது அரசாங்கத்தின் எதிர்பார்ப்பு. இருந்தும் நாட்டில் 19 முதல் 21 வயதுவரையான இந்த இளைஞர்களில் பத்தில் நான்கு பேர் வேலையிலும் இல்லை, படிப்பிலும் இல்லை.

சமூக சேவைப் பிரிவு மட்டும் இதைத் தீர்க்காது. இங்கேதான் மற்றக் கவுன்சிலர்கள் எல்லோரும் வேலைக்கு வர வேண்டும். வீட்டுப் பிரிவைப் பார்ப்பவர், இவர்களுக்கு முன்னுரிமை எப்படி என்று சொல்லட்டும். நிதியைப் பார்ப்பவர், 25 வயது வரை கவுன்சில் வரி விலக்கு உண்டா, பக்கத்துப் பரோவில் இருப்பவருக்கும் உண்டா என்று சொல்லட்டும். கவுன்சிலும் அதன் ஒப்பந்தக்காரர்களும் எத்தனை பயிற்சி வேலை ஒதுக்கியிருக்கிறார்கள்? பராமரிப்பு விட்டுப் போகும் இளைஞருக்கு என்னென்ன உதவி உண்டு என்று கவுன்சில் எழுத்தில் வெளியிட வேண்டும். அந்தப் பக்கத்தை உங்கள் போனில் திறந்து, பத்தொன்பது வயதுப் பிள்ளையாக நினைத்து வாசித்துப் பாருங்கள். போன் நம்பர் வேலை செய்கிறதா என்று அடித்தும் பாருங்கள்.

பெப்ரவரி, மார்ச்சில் வரவு செலவுத் திட்டம் முழுக் கவுன்சிலுக்கு வரும். சிறுவர் சேவைகளுக்கு எதிரே 'சேமிப்பு' என்று ஒரு தொகை இருந்தால், எந்தச் சேவையில், எத்தனை பிள்ளைகளுக்கு, போன வருடம் இதே பெயரில் எழுதிய சேமிப்பு உண்மையில் கிடைத்ததா என்ற விபரத்தை வாக்களிக்கும் நாளுக்கு இரண்டு கிழமை முன்பே கேட்டு வாங்கிவிடுங்கள்.